நடுங்கிய கோடு

அக்கா,

இன்று காலை கொம்யூன் மேரிக் கதவை, அதான் நான் பிறப்பு இறப்பு பதிகிற சர்க்கார் ஆபீஸ் கதவை, திறந்து, ஜன்னல் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் தவளக்குப்பத்து பாய் வந்து நின்றார். மளிகைக் கடை வைத்திருப்பாரே, எங்கேயாவது பந்தாட்டம் என்றால் தராசைப் போட்டது போட்டபடி ஓடுகிறவர், அவர்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே, சிகரெட் பெட்டியில் வைக்கிற அட்டை ஒன்று. அதில் ஒரு பந்தாட்டக்காரன் காலடியில் பந்தோடு நிற்கிறான். படத்தின் குறுக்கே மசியில் ஒரு கையெழுத்து.

“அண்ணே, இது அந்த ஆளே போட்டதா, எவனாச்சும் வெளாட்டுக்குப் போட்டதான்னு பாத்து சொல்லுங்க. நீங்க சொன்னா சரி” என்றார்.

கையில் வாங்கினேன். பழைய புகையிலை வாசனை குப்பென்று ஏறியது. கண் மங்கிப்போச்சு பாய், இப்பல்லாம் ஒன்றும் தெரிவதில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் எதிரே பதிவேடு திறந்து கிடந்தது, கடுகு கடுகாய் என் எழுத்து. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “சரிண்ணே, ஒடம்ப பாத்துக்குங்க” என்று பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு குழந்தையின் பிறப்பைப் பதியும்போது தகப்பன் பெயரை இரண்டு தடவை எழுதி அடித்தேன்.

நீ மாசியில் போனாய். இப்போது ஆடி. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்று சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது சொல்லத் துப்பில்லாதவன் போன பிறகு மடல் எழுதுகிறான் பார் என்று நீ சிரிப்பாய். சிரி. நீ சிரித்துக் கேட்டே பல வருஷமாகிறது. அதற்கும் காரணம் நான்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். மாமா உன்னைக் கட்டிக்கொண்ட மறு வருஷமே பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனார். அங்கே துப்பாக்கி பிடித்ததைவிடப் பந்து பிடித்ததுதான் அதிகம். அறுப்பு முடிந்த பிறகு பாகூர் ஏரிக்குக் கீழே தாளடியில் துணிப்பந்து ஆடிக்கொண்டிருந்த மனுஷன், சைகோனில் பட்டாளத்து அணிக்கே கோலி ஆகிவிட்டார். இரண்டு கம்பத்துக்கு நடுவில் நின்று பந்தை உள்ளே விடாமல் தடுக்கிற வேலை. அந்த ஊர் சிகரெட் கம்பெனி ஒன்று ஆட்டக்காரர்களின் படத்தை அட்டையில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்தது. அதில் மாமாவும் ஒருவர். இரண்டு கையையும் அகல விரித்து, கோழி பிடிக்கப் போகிறவர் மாதிரி குனிந்து நிற்பார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பட்டாளத்தில் பெயர் போட மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பிரெஞ்சு எழுத்தில். ஆகவே கடிதத்துக்குப் பதிலாகத் தன் அட்டையில் ஒரு கையெழுத்தைப் போட்டு, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அட்டை வந்தால் ஆள் நன்றாயிருக்கிறார் என்று அர்த்தம். பெயருக்கு அடியில் இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் ஒரு கோடு இழுப்பார். முடிகிற இடத்தில் அழுத்தி மேலே தூக்கிவிடுவார். நீ பெயரைப் பார்க்க மாட்டாய், கோட்டைத்தான் பார்ப்பாய். “தோ பாருடா, கோடு எம்மாம் கொழுப்பா இருக்குது. மனுஷன் நல்லா துன்றாரு” என்பாய். பிறகு அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, அன்று முழுக்க யாரிடமும் சண்டை போடாமல் இருப்பாய்.

அந்த அட்டைகள்தான் என்னைக் கெடுத்தன. பாகூரிலும் வில்லியனூரிலும் பந்தாட்டப் பைத்தியம் பிடித்த ஆண்கள் அவற்றைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கையெழுத்துள்ள அட்டைக்கு மதிப்பு அதிகம். மதிப்பு என்று வந்துவிட்டால் போலி வராமல் இருக்குமா? மாமா நம் பக்கத்து ஆள் என்பதால் அவர் கையெழுத்தைப் போலி செய்கிறவர்கள்தான் நிறைய. மேரி குமாஸ்தா நாளெல்லாம் கையெழுத்துகளைப் பார்க்கிறவன், அவனுக்குத் தெரியாதா என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். எனக்கும் தெரிந்தது, அக்கா. அதுதான் கொடுமை. சொந்தக் கையெழுத்து ஓடும், பார்த்துப் போட்டது நின்று நின்று நடக்கும். நிற்கிற இடத்தில் மசி திரளும், கோடு நடுங்கும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தால் வெளிச்சத்தில் எல்லாம் புலப்பட்டுவிடும். மாமாவின் பெயரில் வந்த போலிகளை மட்டும் நாலோ ஐந்தோ பிடித்தேன். செய்தவர்களே வந்து ஒப்புக்கொண்டார்கள். ஒரு தடவை லீவில் வந்த மாமா இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேடிக்கையைப் பார்த்துவிட்டுப் போனார். நீ பக்கத்தில் உன் வாசலைத் தெளித்துக்கொண்டே, “பேயோட்டறவன் மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு உக்காந்திருக்கான் பாரு” என்பாய். எனக்குப் பெருமை தாங்காது. நடுங்குகிற கை திருட்டுக் கை என்று நானே ஒரு பழமொழி உண்டாக்கி வைத்திருந்தேன்.

உலகச் சண்டை வந்தது. சைகோனிலிருந்து கப்பல் நின்றது, அட்டையும் நின்றது. ஐந்து வருஷம். சண்டை முடிந்து முதல் கப்பலில் திரும்பிய மடுகரை ஆள் ஒருவர், மாமா தங்கியிருந்த கட்டடத்தின் மேல் குண்டு விழுந்தது, உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் தப்பவில்லை என்றார். மாமாவின் அண்ணன் மடுகரையிலிருந்து வந்து கருமாதிக்கு நாள் குறிக்க வேண்டும் என்றார். நீ அவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாய்.

“பொணத்த பாத்தாரா அந்த ஆளு?”

“குண்டு வுழுந்த எடத்துல பொணம் ஏதும்மா?”

“அப்ப பாக்கல. பாக்காத சாவுக்கு நா எதுக்கு தாலிய கழட்டணும்? நா மாட்டன்.”

மூன்று மாசம் அப்படியே நின்றாய். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. புருஷன் செத்தும் பூ வைக்கிறாள் என்று பேசினார்கள். நீ இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பூ வைத்தாய்.

அப்போதுதான் அந்த அட்டை வந்தது. கப்பலில் சமையல் வேலை பார்த்த தவளக்குப்பத்து ஆள் ஒருவர் உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நடு வெயிலில், செருப்புக்கூட இல்லாமல், நீ மேரிக்கு ஓடி வந்தாய். கையை இறுக்க மூடியிருந்தாய். திறந்து காட்டினாய். “அவருதான்டா. உயிரோட இருக்காரு” என்றாய். அந்த முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் மடுகரையில் மாமா வீட்டில் கூடினோம். மாமாவின் அம்மா, அண்ணன், பங்காளிகள், அந்தச் சமையல்காரர், நீ, நான். அட்டையை ஒரு பித்தளைத் தட்டில் வைத்தார்கள். தம்பி பார்த்துச் சொல்லட்டும், தம்பி சொன்னால் சரி என்றார்கள். நீயும் அதைத்தான் சொன்னாய். உனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் சொன்னால் மடுகரைக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் என்னை அழைத்துப்போனாய்.

நீ கொண்டுவந்திருந்த மூன்று பழைய அட்டைகளையும் புதியதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புதியதில் எழுத்துகள் தள்ளாடின. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடத்தில் மசி திரண்டிருந்தது. அடியிலிருந்த கோடு புழு ஊர்ந்த மாதிரி நெளிந்தது. அது மட்டுமல்ல, கோடு வலப்பக்கம் அழுத்தமாய் ஆரம்பித்து இடப்பக்கம் தேய்ந்து முடிந்தது. நான் பிடித்த போலிகளில் இருந்த குற்றமெல்லாம் அதில் இருந்தன. அவற்றில் இல்லாத குற்றமும் ஒன்று இருந்தது. “இது மாமா போட்டது இல்ல” என்றேன்.

நீ எழுந்து நின்றாய். “ஒடம்பு சரியில்லாதவன் கை நடுங்காதாடா?”

“நடுங்கும்க்கா. ஆனா கோடு திரும்பாது. இத போட்டவன் வலது பக்கத்துலேர்ந்து இழுத்திருக்கான். மாமா செத்தாலும் அப்பிடி இழுக்க மாட்டாரு.”

அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் என் மனதில் இருந்தது துக்கமில்லை, அக்கா. கோடு திரும்பியிருக்கிறதே, அதை நான் கண்டுபிடித்துவிட்டேனே என்கிற சந்தோஷம். இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. உன்னுடைய வாழ்வைத் தட்டில் வைத்திருந்தார்கள், நான் என் சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையல்காரர் மெல்லச் சொன்னார்: “யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு கன்னியாஸ்திரி அம்மா கொண்டாந்து கப்பல்ல குடுத்தாங்க. பாகூர் பாகூர்னாங்க. மீதி எனுக்குப் புரில.”

ஆஸ்பத்திரி என்றார். அந்த ஒரு சொல் போதும், மேரி வழியாகச் சைகோனுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். எனக்கு அரை மணி நேர வேலை. விளையாட்டுக்கு எவனோ அந்த அம்மாவையும் ஏமாற்றியிருப்பான் என்று சொல்லிவிட்டேன். நீ என்னைப் பார்த்து, “நீ சொல்றியாடா?” என்றாய். “நான் சொல்றன்க்கா” என்றேன். அதற்கு மேல் நீ வாதாடவில்லை. ஊரே சொல்லியும் கேட்காதவள், உன் கண்ணையே நம்பாமல் என் சொல்லை நம்பினாய். அட்டையை மாமாவின் அண்ணன் அடுப்பில் போட்டார்.

பங்குனியில் கருமாதி நடந்தது. வளையல் உடைத்ததையும் தாலி வாங்கியதையும் நான் எழுதப் போவதில்லை. நீ அன்று அழவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். உன் மாமியார் கூட, இவளுக்குக் கல் மனசு என்றார். அதற்கப்புறம் உன் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடும் என் பெண்டாட்டியோடும் வந்து இருந்தாய். நான் மேரிக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துச் சமையலறைக்குள் போய்விடுவாய், எதிரே வரக் கூடாதென்று. நான் ஒரு நாளும் உன்னைப் போகச் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை.

மேரிப் பதிவேட்டில் மட்டும் மாமா சாகவில்லை. சைகோனிலிருந்து காகிதம் வராமல் சாவைப் பதிய முடியாது. பதிவேட்டில் அவர் உயிரோடு இருந்தார், வீட்டில் செத்துப்போயிருந்தார். சர்க்கார் காகிதம் எப்போதும் ஆமை நடைதான் என்று நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

காகிதம் மார்கழியில் வந்தது. உன் பெயருக்கு, மேரி விலாசத்தில், ஒரு சின்ன பார்சலோடு. மாமா சைகோன் ஆஸ்பத்திரியில் காலமானதாக எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். ஐப்பசி மாசம். பங்குனியில் நாம் கருமாதி செய்தோம். நடுவில் ஏழு மாசம். கன்னியாஸ்திரியின் கடிதமும் கூட இருந்தது. குண்டு விழுந்தபோது மாமாவை வெளியே எடுத்துவிட்டார்கள். வலது கையை முழங்கைக்கு மேலே வெட்டிவிட்டார்கள். அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டது இடது கை. ஒருவன் இடது கையால் இழுத்தால் கோடு அந்தப் பக்கத்திலிருந்தும் வரும் என்பது, ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன என் மண்டையில் ஏறவில்லை. ‘உங்கள் வீட்டுக்கு நான் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார், என் மனைவிக்கு என் கோடு தெரியும் என்றார்’ என்று அந்த அம்மா எழுதியிருந்தார். கை போனதை நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.

மாமா சொன்னது சரிதான். உனக்குத் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மசியைத் தொட்டு, மாமாவின் சாவைப் பதிவேட்டில் பதிந்தேன். பதிவேடு பிரெஞ்சில் இருக்கிறது, அதை வந்து புரட்டிப் பார்க்க நம் வீட்டில் ஆளில்லை. பார்சலை அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்கு வந்தேன். நீ சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்திருந்தாய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, ஒரு சாவைத் தாங்கியவள் அதே ஆளுக்கு இரண்டாவது சாவை எப்படித் தாங்குவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சப்பைக்கட்டு. உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

செத்த நாள் தெரியாதவர்களுக்குத் தை அமாவாசையில் படைப்பது வழக்கமென்று மூன்று தை அமாவாசையில் மாமாவுக்குப் படையல் போட்டாய். இலை முன்னால் நானும் உட்கார்ந்திருந்தேன். நாள் தெரியும், வாய் திறக்கவில்லை. காக்காய் வந்து சோற்றைத் தொட்டதும் உனக்கு ஒரு நிம்மதி வரும். அவர் வந்து சாப்பிட்டுவிட்டார் என்று நீ என் பெண்டாட்டியிடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நான் வாய்க்குள் சோற்றைத் தள்ளினேன்.

ஐப்பசியில் அந்தச் சரியான நாளன்று நான் மட்டும் சாப்பிடாமல் இருந்தேன். என்னால் முடிந்த பிராயச்சித்தம் அது, திருட்டுத்தனமான பிராயச்சித்தம். இரண்டாம் வருஷம் நீ கவனித்துவிட்டாய். தட்டைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாய்.

“போன வருசமும் இதே நாளு சோறு வேணான்ன. இன்னாடா விசேஷம்?”

“வயிறு சரியில்லக்கா.”

“வருசா வருசம் நாள் பாத்து சரியில்லாம போவுமா?”

தட்டைத் தள்ளி வைத்தேன். நீ மேலே கேட்கவில்லை. உள்ளே போய்க் கஞ்சி காய்ச்சி, ஒரு உப்புக்கல்லைப் போட்டு எடுத்துவந்து வைத்தாய். “வயிறு சரியில்லன்னா கஞ்சி குடி” என்று எதிரே உட்கார்ந்துகொண்டாய். குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. மாமா செத்த நாளில், உன் கையால் காய்ச்சிய கஞ்சியை, நீ பார்க்கப் பார்க்கக் குடித்தேன். உனக்கு ஏதாவது தெரிந்திருந்ததா, அக்கா? அன்றைக்கு நீ இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கொட்டியிருப்பேன். கேட்காமல் விட்டது என் மேலிருந்த பாசத்தாலா, வேறு எதனாலா என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வெடிக்கிறது.

மாசியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள். கடைசி இரண்டு நாள் உனக்கு நினைவு சரியாக இல்லை. எட்டாம் நாள் பகலில் நான் உன் காதருகே குனிந்து, “அக்கா, மாமா அன்னிக்கு உசுரோடதான் இருந்தாரு” என்று சொன்னேன். நீ கண்ணைத் திறந்தாய். “யாருடா மாமா?” என்றாய். அவ்வளவு தாமதமாகச் சொன்னேன்.

அந்தப் பார்சலில் இருந்ததில் ஒன்றை இன்னும் உனக்குச் சொல்லவில்லை. ஒரு சீப்பு, ஒரு பெல்ட்டு, இவற்றுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. ஆஸ்பத்திரித் தாள். இரண்டு பக்கமும் மாமாவின் கையெழுத்து, வரிசை வரிசையாக. கன்னியாஸ்திரி அதற்கும் விளக்கம் எழுதியிருந்தார். அட்டை அனுப்பிய பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் பதில் வந்ததா என்று கேட்பாராம். வரவில்லை என்றதும், என் கையெழுத்து சரியாக வரவில்லை போலிருக்கிறது, வீட்டில் என் மைத்துனன் இதையெல்லாம் பார்க்கிறவன், அவன் ஒப்புக்கொள்கிற மாதிரி போட வேண்டும் என்று சொல்லித் தாளும் பென்சிலும் வாங்கிக்கொண்டாராம். பிறகு மசி கேட்டாராம். நன்றாக வந்ததும் இன்னோர் அட்டை அனுப்பலாம் என்றாராம்.

அந்தத் தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. நீ போன பிறகு ஒரு நாள்கூட அது இல்லாமல் நான் வெளியே போனதில்லை. முதல் வரிசைகளில் பெயர் குழந்தை கிறுக்கின மாதிரி கிடக்கிறது. போகப் போக எழுத்து நிமிர்கிறது. இரண்டாம் பக்கத்தில் இடது கையை வளைத்துக் கோட்டை இடமிருந்து வலமாக இழுக்கப் பழகியிருக்கிறார். முடிகிற இடத்தில் அழுத்தித் தூக்கவும் பழகியிருக்கிறார். கடைசி வரிசையில் இருப்பதை உன் பெட்டியிலிருந்த பழைய அட்டையோடு சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். மசி திரளவில்லை, கோடு நடுங்கவில்லை. அதை மடுகரையில் என்னிடம் காட்டியிருந்தால், மாமா போட்டதுதான் என்று சொல்லியிருப்பேன், அக்கா.